மாஹிருக்காகப் போட்ட பந்தல்

ஜூன் 29, 2003 – பாக்தாத்

பத்தாம் வகுப்பு பூகோளத் தாள்கள் திருத்துகிறேன். ‘நாட்டின் எல்லைகளைக் குறி’ என்ற கேள்விக்கு ஒருத்தி வரைபடத்தை அப்படியே விட்டுவிட்டு, ‘இப்போது எது என்று தெரியவில்லை, மன்னிக்கவும்’ என்று எழுதியிருக்கிறாள். அரை மதிப்பெண் போட்டேன்.

மின்சாரம் இல்லை. ஹாரித் முற்றத்தில் யாருடைய ஏர்கூலரையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். மே மாதம் வரை என் தம்பி ராணுவத்தில் மேஜர். அமெரிக்கர்கள் ஒரே காகிதத்தில் ராணுவத்தையே கலைத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஒரே வீட்டில் இரண்டு பேர் இருந்தும் நான் பேசுவது இந்த நோட்டோடுதான்.

ஜூலை 6

கர்னல் நாசிஃப் இன்றும் வந்தார். மூன்றாவது தடவை. வேலை போன அதிகாரிகளைத் திரட்டுகிறார் – அமெரிக்க வண்டிகளுக்குக் குண்டு வைக்க. தேநீர் கொடுத்துவிட்டு அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்று கேட்டேன். ஒட்டுக்கேட்பது தப்புதான். தம்பி எனக்கு ஒருவன்தானே மிச்சம்.

ஹாரித் சொன்னான்: “அமெரிக்காக்காரன் போனா யாரு வருவா? ஓடிப்போன அதிபர்க் கிழவன விடுங்க, அவனுக்கு வயசாயிருச்சு. அவன் பெத்த ரெண்டு பசங்களும் எங்கயோ உசிரோடதான் இருக்கானுங்க. அவனுங்கள மறுபடி நாற்காலியில உக்கார வைக்க நான் துப்பாக்கி தூக்கணுமா? மாட்டேன், கர்னல்.”

இத்தனை வார்த்தைகள் அவனிடம் இருப்பதே இன்றுதான் தெரிந்தது. கர்னலின் இரண்டாவது தேநீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டேன். குடித்துவிட்டுப் போகட்டும்.

ஜூலை 11

மாஹிரின் நினைவு நாள். நாங்கள் மூன்று பேர். நான் மூத்தவள், மாஹிர் நடுவன், ஹாரித் கடைசி. பத்து வருடத்துக்கு முன் மாஹிரை அதிபர் மகன்களின் வெள்ளைக் கார் ஒன்று ஏற்றிக்கொண்டு போனது. நாற்பதாம் நாள் உடல் வந்தது. கூடவே உத்தரவும் வந்தது: பந்தல் போடக்கூடாது, அழும் சத்தம் வெளியே கேட்கக்கூடாது. தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதேன்.

அதன்பிறகு யார் துக்கம் கேட்க வந்தாலும் ஹாரித் வாசலிலேயே திருப்பி அனுப்பினான். பழி தீராத வீட்டில் துக்கம் வாங்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அதிபர் குடும்பத்துக்கு வாரிசு இருக்கும்வரை பழி தீரவில்லை என்றான்.

நான் ஐந்து வேளைத் தொழுகையிலும் அந்த இரண்டு மகன்களுடைய சாவைக் கேட்டேன். கல்நெஞ்சக்காரி என்றால் சொல்லிக்கொள்ளட்டும்.

ஜூலை 22

செத்துவிட்டார்கள். இரண்டு பேரும். மோசுலில், ஒரே வீட்டில், அமெரிக்கர்கள் சுட்டு.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் வானத்தைப் பார்த்துச் சுட்டுக் கொண்டாடுகிறார்கள். கீழே விழுந்த ஒரு தோட்டா எங்கள் மாடித் தண்ணீர்த் தொட்டியை ஓட்டை போட்டுவிட்டது. ஒழுகுகிற தண்ணீரில் நின்று சிரித்தேன், அழுதேன், எது முதலில் என்று தெரியவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடு கதவைச் சாத்திக்கொண்டது. எதிர்வீட்டில் சினானுடைய அம்மா உம் சினானுக்கு இனிப்பு கொண்டுபோனேன். “பொணத்தக் காட்டட்டும் டீச்சர், அப்புறம் சாப்பிடறேன்” என்றாள். ஆனாலும் தட்டை வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 24

தொலைக்காட்சியில் பிணங்களைக் காட்டினார்கள். ஹாரித் கிட்டே போய்ப் பார்த்தான். “அவனுங்கதான்” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “நான் செய்ய வேண்டியத எவனோ அந்நியன் செஞ்சிட்டான்” என்றான்.

சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். பிறகு அவனே, அண்ணனுக்குப் பந்தல் போடுவோம் என்றான்.

ஜூலை 28

மூன்று நாள். தெருவை அடைத்துப் பந்தல், ஆண்களுக்குக் கசப்புக் காப்பி, உள்ளே பெண்கள். உம் சினான் அண்டா அண்டாவாகச் சோறு வடித்தாள். நான் வாய்விட்டு அழுதேன். பத்து வருட அழுகை, தொண்டை கட்டிவிட்டது. வீடு நிறைய ஆள் இருப்பது எப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. யாரும் போகாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது.

கர்னல் நாசிஃப் மூன்று நாளும் வந்தார். சொந்த வீட்டுக் காரியம் போலக் காப்பி ஊற்றினார். இன்று ஹாரித் அவரைத் தெருமுனை வரை வழியனுப்பப் போனான். ஒரு மணி நேரம் ஆயிற்று திரும்பி வர.

ஜூலை 29

பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஜூலை 31

கேட்டேவிட்டேன். கர்னலோட சேர மாட்டேன்னு சொன்னியேடா, இப்ப என்ன?

“அப்ப அவனுங்க இருந்தானுங்க அக்கா. நான் சண்ட போட்டா பலன் அவனுங்களுக்குப் போகும். இனிமே யாருக்குப் போகும்? நாடு நம்மளுது. பயமில்லாம சண்ட போடலாம்.”

என்ன பண்ணப்போறேன் நான், இந்த வீட்ல, தனியா? அவன் எழுந்து போய் என் அறை ஏர்கூலருக்கு எண்ணெய் விட்டான்.

வாரிசுகள் போய்விட்டதால் இனிச் சண்டை தணியும் என்கிறது வானொலி. அவர்களுக்கு என் தம்பியைத் தெரியாது. இத்தனை நாள் அவனை வீட்டில் கட்டிப் போட்டிருந்தது அக்கா பாசம் இல்லை, அந்த இரண்டு பேர்தான். அவர்கள் சாகவேண்டும் என்று பத்து வருடம் கேட்டது யார்? சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 9

தம்பி ஆறு நாளாக வீட்டுக்கு வரவில்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று இன்னும் பிடிபடவில்லை.

ஆகஸ்ட் 17

வந்தான். தாடி. வெண்டைக்காய்க் குழம்பை வழித்துச் சாப்பிட்டான், தூங்கினான், போனான். நோட்டில் பெயரை எழுதாதே என்றான். எழுதவில்லை. நோட்டைப் பழைய தேர்வுத்தாள் கட்டுக்குள் வைக்கிறேன்.

செப்டம்பர் 3

காலை பத்து மணிக்கு வந்தார்கள். ஆறு அமெரிக்கச் சிப்பாய்கள், முகத்தை மூடிய மொழிபெயர்ப்பாளன் ஒருவன். கையில் பட்டியல். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டான். ஒருத்தி என்றேன். அவன் பட்டியலில் இருந்து பெயரை வாசித்தான் – தம்பியின் முழுப்பெயர், பதவியோடு.

வாய் தானாகவே சொன்னது: “செத்துட்டான். ஜூலைல.”

நம்பவில்லை. அப்போது உம் சினான் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. “இந்தத் தெருவிலதான் பந்தல் போட்டோம். மூணு நாளும் நான்தான் சோறு வடிச்சேன். யார வேணாலும் கேளுங்க” என்றாள். அவள் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை.

அவர்கள் பட்டியலில் ஒரு கோடு போட்டார்கள்.

பத்து வருடம் காத்திருந்து மாஹிருக்குக் கொடுத்த துக்கத்தை ஒரே நிமிடத்தில் பிடுங்கி இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டேன். படி இறங்கும்போது அந்த மொழிபெயர்ப்பாளன் மட்டும் நின்றான். பையன் குரல், பாக்தாத் பேச்சு. “அவர் மிச்ச ஆயுசும் உங்களுக்கு வரட்டும் அம்மா” என்றான், துக்க வீட்டில் சொல்வதுபோல.

வாங்கிக்கொண்டேன். உன் ஆயுசு பெருகட்டும் என்று பதிலும் சொன்னேன்.