மாற்றிக் கேட்ட வேண்டுதல்

அன்பு மகள் செந்தமிழுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம். அங்கே நீயும், ஆராய்ச்சிக்காக நீ காட்டில் கவனித்து வருகிற காட்டுப்புறா ஜோடியும், புதிதாகச் சிறகு முளைத்த அதன் பிள்ளையும் சுகம்தானே.

ஞாயிற்றுக்கிழமை நீ கோத்தகிரிக்கு இறங்கி வந்து அனுப்பிய வீடியோவை, குஞ்சு கூட்டை விட்டுப் பறந்ததை, அப்பா கூனிமேடு டீக்கடை வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டார். இந்தப் புறா அந்த மலைத்தொடரைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது, இருப்பதே கொஞ்சம், ஒரு தடவைக்கு ஒரே முட்டைதான், கழுத்துக்குப் பின்னால் சதுரங்கக் கட்டம் போட்டிருக்கும் என்று, தானே மரத்தில் ஏறிப் பார்த்த மாதிரி அளக்கிறார். நம்ம கோபுரத்துல இருக்கறதும் புறாதானே என்று சுப்ராயன் அண்ணன் வாயை விட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். மலையில் கோடை மழையே இல்லை, பழமெல்லாம் காய்ந்து உதிர்கிறது, தாய்ப்பறவை இரைக்கு வெகுதூரம் போகிறது, குஞ்சு பிழைக்காது போலிருக்கிறது என்று போனில் அழுதாயே, அன்று அப்பா சாப்பிடவில்லை. துருவிக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தார். நம் உப்பளத்தில் முதல் உப்பு வாரும் நாளில் வரப்பில் கற்பூரம் ஏற்றி, மரக்காணத்துக்கு மழை வேண்டாம் என்றுதானே எல்லோரும் கேட்போம். போன வருஷம் திண்டிவனத்துப் பக்கமிருந்து வந்த மழை உப்பைக் கரைத்ததால், இந்த மனிதர் முன்ஜாக்கிரதையாக, எங்கியுமே ஒரு பொட்டு மழ வேணாம் தாயே என்று கேட்டிருக்கிறார். எம்பொண்ணு மலையையும் சேத்து காய வெச்சிட்டேன்டி என்று கண் கலங்கினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, உன்னை நினைத்து அழுகையும் வந்தது. அப்ப போய் மாத்திக் கேளுங்க என்றேன். மறுநாளே இன்னொரு கற்பூரம். மலையில பெய்யட்டும், இங்க கொஞ்சம் நனைஞ்சாலும் பரவாயில்ல என்று கேட்டுவிட்டு வந்தார். உப்பளத்துக்காரன் கேட்கிற வேண்டுதலா இது.

அம்மன் இரண்டையும் கொடுத்துவிட்டாள். அங்கே மழை பிடித்து மரங்கள் பழுத்தன. இங்கே வியாழக்கிழமை கொட்டியதில் வாராமல் கிடந்த உப்பெல்லாம் கரைந்து பாத்தியில் தண்ணீர்தான் நிற்கிறது. சுற்றி எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். இவரும் மூன்று நாள் முகம் செத்துத்தான் கிடந்தார். உன் வீடியோ வந்ததும் எழுந்து உட்கார்ந்து, உப்பு திரும்ப வெளையும்டி, அது ஒத்தப் புள்ள என்றார். அவரைக் கட்டிக்கொண்ட இத்தனை வருஷத்தில் எனக்கு இவ்வளவு பெருமையாக இருந்ததில்லை.

பாத்தி சரியாக நாளாகும் என்பதால் அடுத்த வாரம் நாங்கள் அங்கே வருகிறோம். உப்புக் காலத்தில் என் தம்பி கல்யாணத்துக்கே தாலி கட்டியதும் ஓடி வந்தவர், உன் புறாவுக்காகப் பஸ் டிக்கெட் எடுத்துவிட்டார். அதற்கென்று ஒரு பை கம்பும் வாங்கியிருக்கிறார். காட்டுப் பழம்தான் தின்னும் என்று நீயே பக்குவமாகச் சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, அட்டைக்கு உப்புத் தூள் கையில் வைத்துக்கொள். நீ நீண்ட ஆயுளோடு நிறைவாக இருக்க வேண்டும். அப்பா வேண்டுதலை மாற்றியது மட்டும் நமக்குள் இருக்கட்டும், பக்கத்துப் பாத்திக்காரர்கள் காதில் விழுந்தால் நாங்கள் அங்கேயே உன்னோடு குடியேற வேண்டியதுதான்.

உன் பிரியமுள்ள அம்மா,
வசந்தா சடையப்பன்