சோற்றுப் பானைக்குள் வந்த தலையணை

கோல சிலாங்கூர்
பிப்ரவரி 16, ஞாயிறு

அன்பு மகள் திலகாவுக்கு,

இங்கு நான் உடல்நலத்தோடு இருக்கிறேன். இரத்த அழுத்தம் அளவுக்குள் நிற்கிறது, மாத்திரையை ஒருநாளும் தவறவிடவில்லை. அங்கு நீயும் வேளைக்கு உண்டு, வேளைக்கு உறங்கி, குளிருக்குத் தக்கபடி உடுத்தி நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையில் விளக்கேற்றும்போது நான் கேட்டுக்கொள்வது. உன் செய்தி என் கைப்பேசிக்கு வந்து இன்றோடு நாற்பத்தொரு நாள் ஆகிறது. யார் எழுதினாலும் மூன்று நாளுக்குள் பதில் எழுதிவிட வேண்டும் என்று உனக்குச் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுத்தவன் நான். அந்த முறையை நானே மீறிவிட்டேன். ஞாயிறுதோறும் பேசும்போது நீ இருமுறை நினைவூட்டினாய், இருமுறையும் நான் மழையைப் பற்றிப் பேசினேன். பேச்சில் சொல்ல வராததைத் தாளில் சொல்லலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். பொறுமையாகக் கடைசிவரை படி.

நீ கேட்டது இதுதான்: “அப்பா, ஈஸ்டர் லீவுக்கு மலையில மூணு நாள் கேம்ப் போறோம். போன தடவை கழுத்து பிடிச்சிக்கிட்டு ஒரு வாரம் திரும்பவே முடியல. அம்மாவோட குட்டித் தலையணைய போஸ்ட்ல அனுப்புங்கப்பா. கெடைக்கலனா எந்த மாதிரி வாங்கலாம்னு சொல்லுங்க.” இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் எழுதுகிறேன், ஏனெனில் அது எளிது. கடையில் மூன்று வகைத் தலையணைகள் வாங்கினேன். வெறும் கட்டில்மேல் வைத்துப் பார்த்துச் சொல்வது முறையாகாது என்பதால், நம் பழைய கூடாரத்தையே பின்பக்கத்து ரம்புத்தான் மரத்தடியில் அடித்து, மூன்று சனிக்கிழமைகள் பிற்பகலில் ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் வலப்பக்கமாகப் படுத்துப் பார்த்தேன், நீ வலப்பக்கமாகத்தான் உறங்குவாய் என்பதால். பக்கத்து வீட்டு மாலா வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, “என்னா சார், சாவிய தொலச்சிட்டீங்களா, நம்ம வீட்டுல வந்து உக்காருங்களேன்லா” என்றார். தலையணை பார்க்கிறேன் என்று சொன்னதும் அவர் உள்ளே போய்விட்டார். அன்று மாலையே ஒரு கிண்ணத்தில் கஞ்சி வந்தது. எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார் போலும்.

காற்றடைக்கும் தலையணை கைக்குட்டை அளவுக்கு மடங்குகிறது. ஆனால் முழுதும் ஊதினால் தலை பந்துமேல் வைத்தது போல் உருள்கிறது, கன்னம் வியர்க்கிறது, அசைந்தால் கீச்சென்று சத்தம் வருகிறது. மூன்றில் இரண்டு பங்குதான் ஊத வேண்டும். உன் மலைக் குளிரில் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், ஆகையால் படுக்கும் நேரத்தில் இன்னும் ஒருமுறை ஊதிச் சரிபார்த்துக்கொள். நுரைத் தலையணை கழுத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பையில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும், கடுங்குளிரில் கெட்டிப்பட்டுவிடும் என்றும் படித்தேன். உள்ளே காற்றும் மேலே மெல்லிய நுரையும் வைத்த மூன்றாவது வகை பரவாயில்லை. எதை வாங்கினாலும், பக்கவாட்டில் படுக்கும்போது தோளுக்கும் காதுக்கும் இடையில் உள்ள இடைவெளி நிரம்ப வேண்டும், அதுதான் கணக்கு. வழுக்காமல் இருக்க அதை ஸ்லீப்பிங் பேக்கின் தலைப்பகுதிக்குள்ளேயே வைத்துவிடு. கழுத்து வலியோடு விரல்கள் மரத்துப்போனால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்.

இனி முதல் கேள்வி. அந்தத் தலையணை இல்லை, திலகா. ஸ்டோரிலும் இல்லை, எங்கும் இல்லை. அம்மா போன மூன்றாம் நாள் நீ விமானத்திலிருந்து இறங்கி வந்து, ஹாலில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டு, “அப்பா, குட்டித் தலையணை எங்க” என்று கேட்டாய். “ஸ்டோர்ல இருக்கும்மா, அப்புறம் தேடித் தரேன்” என்று சொன்னேன். உனக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன். நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

அம்மாவின் கடைசி மூன்று வாரம் எப்படி இருந்தது என்று உனக்குக் கைப்பேசியில் காட்டியதைவிட அதிகம் நான் சொன்னதில்லை. பெரிய தலையணை வைத்தால் பிடரி வலிக்கிறது என்றாள். ஒருநாள் அவளே, “ஏங்க, அந்தக் கேம்ப் தலையணைய எடுங்க, நமக்கு வீட்டுல இருந்தே கேம்ப்பு போல ஆயிடுச்சு” என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அதன்மேல்தான் அவள் தலை கடைசிவரை இருந்தது. இறந்தவர் படுத்த மெத்தை, தலையணை, போர்வை எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது நம்முடைய வழக்கம். மின்சுடலையிலிருந்து திரும்பியபோது உன் பெரிய அத்தை வேலம்மா எல்லாவற்றையும் பின்வாசலில் எடுத்துப் போட்டிருந்தார். திறந்த வெளியில் எரிப்பது சட்டப்படி கூடாது, ஆகவே நான் நகராட்சி மன்றத்துக்குச் சொல்லி, பருமனான குப்பை எடுக்கும் லோரியை வரவழைத்தேன். மெத்தை ஒன்று, பெரிய தலையணை இரண்டு, போர்வை இரண்டு, பாய் ஒன்று, சிறிய தலையணை ஒன்று என்று தாளில் எழுதிவைத்திருந்தேன். மறுநாள் காலை லோரி வந்தபோது அத்தை அந்தச் சின்னத் தலையணையை மட்டும் தனியே எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். “தம்பி, இது சின்னதா இருக்குடா. புள்ள வந்து கேக்கும். தண்ணி தெளிச்சி வச்சிக்கலாம், ஒண்ணும் ஆவாது” என்றார். வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அவர்தான், அவரே விலக்குக் கொடுத்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அக்கா, முறைன்னா எல்லாத்துக்கும் ஒரே முறைதான்” என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் என் கையில் கொடுத்தார். நானே லோரியில் வைத்தேன். தாளில் அந்த வரிக்கு எதிரே சரி என்று குறியும் போட்டேன். அப்போது காலை எட்டே கால். நீ வீட்டுப் படி ஏறியது பிற்பகல் இரண்டரைக்கு. அந்த ஆறு மணி நேரத்தைத்தான் எட்டு மாதமாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அது எப்படி வந்த தலையணை என்பது உனக்குப் பாதிதான் தெரியும். சாரணர் முகாமுக்குத் தலையணை கிடையாது, சட்டையைத் துண்டில் சுருட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது நான் இருபத்தைந்து ஆண்டாக மாணவர்களுக்குச் சொல்லும் விதி. அதையே வீட்டுக்கும் வைத்தேன். உனக்கு எட்டு வயதில் உலு யாம் ஆற்றோரம் முதன்முறை போனபோது, காலையில் கழுத்துத் திரும்பாமல் அழுதாய். அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊர் திரும்பி, நீ பள்ளிக்கு முதலாம் ஆண்டில் போட்ட நீலச் சீருடைப் பினஃபோரைப் பிரித்து, அதன் பை அப்படியே இருக்கும்படி ஓர் உறை தைத்தாள். அவள் பிறந்த தோட்டத்தில் லய வீடுகளை இடித்த பிறகும் நின்றிருந்த இலவ மரத்தடியில் காய் பொறுக்கி வந்து, தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே விதை விதையாக எடுத்து, ஒரு மெல்லிய துணிப்பையில் அடைத்து உறைக்குள் நுழைத்தாள். வீடெங்கும் பஞ்சு பறந்து நான் தும்மிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டு ஜெராம் கடற்கரைக்குப் போகும்போது வழக்கம்போல் ஒவ்வொரு பையையும் தராசில் மாட்டி எடை பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அங்கே போய் உலை வைக்கப் பானையைத் திறந்தால் உள்ளே தலையணை. இது என்ன என்று கேட்டதற்கு, “பானைக்கு எடை கெடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. என்னா, புள்ளைய பட்டாளத்துக்கா கூட்டிட்டுப் போறீங்க” என்றாள். அதற்கு விதியில் பதில் இல்லை. அதன்பின் ஒவ்வொரு முறையும் அது பானைக்குள்தான் வந்தது. நான் பார்க்காதது போலவே இருந்தேன். விதியின் நடுவில் ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்து அதில் ஒரு மெத்தென்ற பொருளை வைக்க அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் போன மூன்றாம் நாளே நான் அந்த இடைவெளியை அடைத்துவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. கூடாரத்தை எடுக்க முகாம் பெட்டியைத் திறந்தபோது மேலேயே அந்த நீல உறை மடித்து இருந்தது. அன்று வீட்டில் உதவிக்கு நின்ற மாலாவைக் கேட்டேன். அம்மா போன அன்று அது துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததாம். கூட்டம் வருகிறதே என்று துணிகளை எடுத்து மடித்தவர், இது மட்டும் எங்கே வைப்பது என்று தெரியாமல் கையருகே இருந்த பெட்டிக்குள் போட்டாராம். லோரியில் போனது உறையில்லாத தலையணை. நான் கவனிக்கவே இல்லை, ஏனெனில் என் தாளில் உறை என்று தனி வரி இல்லை. அதே பெட்டியில் கூடாரத்துக்குள் உடை மாற்ற நாம் கட்டும் மறைப்பும் இருந்தது, அம்மாவின் பழைய மஞ்சள் வாயில் சேலை. பதினாறாம் நாள் அவளுடைய துணிகளையெல்லாம் கொடுத்துவிட்டோம். இது முகாம் பட்டியலில் ‘மறைப்புத் துணி, ஒன்று’ என்று என் கையெழுத்திலேயே இருந்ததால் தப்பிவிட்டது.

நான்காவது சனிக்கிழமை அந்தச் சேலையை மடித்து உறைக்குள் வைத்துப் படுத்துப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு அலாரம் வைத்திருந்தேன். மாலா வந்து, “சார், சார், மழ வருது எந்திரிங்க” என்று தட்டி எழுப்பியபோது மணி ஆறேகால், அலாரம் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் அப்படி நான் உறங்கியதில்லை.

உறையையும் சேலையையும் இதனுடன் அனுப்புகிறேன். புதிதாக இலவம் பஞ்சு அடைத்து அனுப்பலாம் என்று முதலில் நினைத்தேன், ஆனால் விதை கலந்த பஞ்சை உன் நாட்டுச் சுங்கத்தில் விடமாட்டார்கள். சேலையை நான்காக மடித்துப் பின் சுருட்டு, உயரம் போதாவிட்டால் அன்று நீ போட்டிருந்த சட்டையையும் சேர்த்துக்கொள். உனக்கு என்மேல் கோபம் வந்தால் அது நியாயம்தான். அதை அடக்காமல் எழுது, அத்தை போல் பேசாமல் இருந்துவிடாதே.

ஜூன் மாதம் அம்மாவின் முதல் ஆண்டுத் திதி. விடுப்புக்கு இப்போதே விண்ணப்பித்துவிடு. மலையில் தனியே எங்கும் போகாதே, போகுமிடத்தை ஒருவரிடமாவது எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. அம்மாவின் அருளும் என் ஆசியும் உன் தலைமாட்டில் இருக்கட்டும்.

அன்புள்ள அப்பா,
சுகுமாறன்

பி.கு. உறையைப் புரட்டித் தட்டியபோது தையல் மூலையில் ஒரு கருப்பு விதை அகப்பட்டது, அம்மா எடுக்கத் தவறியது. அதை அனுப்ப விதி இடம் தரவில்லை. ஆகையால் நான் வைத்துக்கொண்டேன்.