விரல் நின்ற இடம்

மாமா,

கட்டைவிரலில் ஒட்டிய சிவப்பு இன்னும் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டேன். மத்தியானம் நிலப் பத்திரம் வைத்திருக்கும் உங்கள் தகரக் குழலைத் திறந்தபோது ஒட்டியது. மூடியைத் திருகியதும் அந்த வாடை, கற்பூரமும் உப்புக் காற்றில் ஊறிய பழைய காகிதமும். நீங்கள் பின்னால் வந்து நிற்பதுபோல இருந்தது. யாருமில்லை என்று தெரிந்தும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

இதை எப்போதோ எழுதியிருக்க வேண்டும். நீங்கள் போய் மூன்று வருஷம் ஆகிவிட்டது. நாளைக்கு முதல் உப்பு வாருகிறோம். இன்றாவது சொல்லிவிடுகிறேன்.

கல்யாணமாகி வந்த முதல் மாசியில்தான் அந்தப் பத்திரத்தைப் பார்த்தேன். முதல் உப்பு வாரும் நாளில், உப்பளத்து வரப்பில் முக்காலி போட்டு, மஞ்சள் துணி விரித்து, துரை கையெழுத்துப் போட்ட பட்டாவை அதன்மேல் வைப்பீர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் உங்கள் தாத்தா வேலாயுதத்துக்கு இந்த உவர் நிலத்தைக் கொடுத்த காகிதம் என்று ஊருக்கே தெரியும். அதை யாராவது முழுக்க வாசித்த பிறகுதான் பாத்தியில் உப்பு வாரும் பலகை இறங்கும். அதுவரை பள்ளிக்கூடத்து வாத்தியார் வந்து வாசிப்பாராம். அந்த வருஷம், "வாத்தியாரு எதுக்கு? பாண்டிச்சேரியில பி.ஏ. படிச்ச மருமவ வூட்லயே இருக்குது. நீ படிம்மா" என்றீர்கள். பெருமையோடு முக்காலி முன்னால் போய் உட்கார்ந்தேன்.

விரல் வைத்து வரிவரியாகப் படித்தேன். அச்சடித்த இங்கிலீஷ் படிவம், பெயர்கள் மட்டும் மசியால் எழுதிய கூட்டெழுத்து. நிலம் யாருக்கு என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. வேலாயுதம் என்று அங்கே இல்லை. காத்தான், தகப்பன் பெயர் சடையன் என்று இருந்தது. வேலாயுதம் கீழே, துரையின் கையெழுத்துக்குப் பக்கத்தில், வெறும் சாட்சியாக இருந்தார்.

நிமிர்ந்தேன். எதிரே நீங்கள், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பி நின்றீர்கள். உங்களுக்குப் பின்னால் உப்பு வாரும் பெண்கள். அவர்களில் செல்லம்மாக்கா. கூடை கனத்தால் போதும், "காத்தான் பேத்தின்னா சும்மாவா?" என்று சொல்லியபடி ஒரே மூச்சில் தலைக்கு ஏற்றுவாளே, அவள்தான்.

"வேலாயுதம்" என்று படித்தேன்.

முடித்ததும் செல்லம்மாக்கா, "ஏஞ் சின்னம்மா, தொரை அவ்ளோதான் எழுதினாரா? எங்க பேரு ஒண்ணும் எழுதலியா?" என்றாள்.

"உம் பேர எழுத தொரைக்கு மசி பத்தலியாம். கூடையத் தூக்குடி" என்று இன்னொருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. குனிந்து, என் விரல் நின்ற இடத்தில் ஒரு பொட்டுக் குங்குமம் வைத்தீர்கள். ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு அடுத்த மாசியிலும் அதே இடம், அதற்கு அடுத்ததிலும்.

நிலம் எப்படிக் கை மாறியதோ தெரியாது. காத்தான் விற்றிருக்கலாம். வேறு காகிதம் இருந்திருக்கலாம். நீங்கள் வானூருக்குப் போயிருந்த ஒரு நாள் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடினேன். ஒன்றும் இல்லை.

சுமதி பிறந்த பிறகு பயம் வேறு மாதிரி ஆயிற்று. பனிக்காலத்தில் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னார், தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் அவள் நெஞ்சு கீச்சிடும்போதெல்லாம் எனக்குக் காத்தான் என்றுதான் கேட்கும். படித்தவள் இப்படி நினைக்கலாமா என்பீர்கள். படித்ததனால்தானே மாமா.

எமர்ஜென்சி முடிவதற்குள் நீங்கள் படுத்துவிட்டீர்கள். ஒரு நாள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். கிண்ணத்தைக் கையால் தடுத்துவிட்டு, "நீ படிக்கறப்போ ஒரு எடத்துல மூச்சு நிக்குதும்மா" என்றீர்கள். "வாத்தியாருக்கும் அங்கதான் நின்னுச்சு. எங்கப்பா காலத்துல ஒரு கணக்குப்பிள்ளை படிப்பாரு, அவருக்கும் அங்கதான்."

"என்னன்னு கேட்டிருக்கலாமே மாமா?"

"கேட்டா நீ சொல்லிடுவியே."

அப்புறம் வாயைத் திறந்து கஞ்சியை வாங்கிக்கொண்டீர்கள்.

எழுத்தே தெரியாத நீங்கள், படிக்கிறவர்களின் மூச்சைப் படித்திருக்கிறீர்கள். குங்குமம் எதற்கென்று அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்தும் என்ன செய்தேன்? உங்களுக்குப் பிறகு வந்த மாசிகளில் அதே இடத்தில் நானே வைத்தேன். உங்கள் மகனிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் ஏழாவதோடு அளத்துக்கு வந்தவர், இந்த அளத்தைத் தவிர வேறு எதுவும் தெரியாதவர். சொன்னால் காகிதத்தை அடுப்பில் போட்டுவிடுவாரோ என்று பயம். போடாமல் அப்படியே உட்கார்ந்துவிடுவாரோ என்று அதைவிடப் பயம்.

இன்று மத்தியானம் காகிதத்தைப் பிரித்து, பழைய குங்குமத்தைக் கட்டைவிரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்று எனக்கே தெரியாது. சுமதி தோள்மேல் சாய்ந்தாள். பள்ளிக்கூடத்தில் இந்த வருஷம்தான் கூட்டெழுத்து பழகுகிறாள், எதைப் பார்த்தாலும் எழுத்துக் கூட்டுகிறாள். நான் மறைப்பதற்குள், "கே... ஏ... டி... காத்தான்! அம்மா, செல்லம்மா அத்தையோட தாத்தாவா?" என்றாள்.

அவளுக்கு மூச்சு நிற்கவில்லை மாமா. தெருவில் ஒரு கடைப் பலகையைப் படிப்பதுபோலப் படித்துவிட்டாள்.

"ஆமாண்டி" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது.

"அப்போ அத்தைகிட்ட காட்டலாம்மா. அவங்க தாத்தா பேரு இங்கிலீஷ்ல இருக்குதுன்னா எவ்ளோ சந்தோஷப்படுவாங்க!"

நாளைக் காலையில் பத்திரத்தை அவளையே வாசிக்கச் சொல்லிவிட்டேன். இன்றைக்குள் உங்கள் மகனிடம் நான் சொல்லியாக வேண்டும். இதை மடித்து வைத்துவிட்டு அளத்துக்குத்தான் போகிறேன், அவர் அங்கே வரப்புக் கட்டிக்கொண்டிருக்கிறார். பிறகு என்ன ஆகும், இந்த வீட்டில் நாங்கள் இருப்போமா, எதுவும் தெரியவில்லை. நாளை பூஜைக்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டேன். முக்காலி, மஞ்சள் துணி, கற்பூரம். குங்குமச் சிமிழை மட்டும் எடுத்து வைக்கவில்லை. உங்கள் குங்குமம் என் விரலில் இருப்பது போதும்.