நெட்டையன் பேரில் போன சம்மதம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் சூப்பர்மா என்பாய், அதனால் கேட்கவில்லை, போனில் உன் குரல் கம்மியிருந்ததிலேயே தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிகளுக்கான அந்த மருந்துக் கணக்கு மென்பொருளை இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தாய், பெரிய கம்பெனிகள் அதை எடுத்துத் தங்கள் பெயரை ஒட்டி விற்றுக் கொழிக்கின்றன, உனக்கு வாடகைக்கே இழுபறி. சின்ன ஆஸ்பத்திரிக்கு எப்போதும் போல இலவசம், கம்பெனிக்காரன் பணம் கட்டட்டும் என்று நீ உரிமத்தை மாற்றுவது நியாயம்தான். அப்பாதான் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிறாளே என்று புலம்பினார், நீங்கள் ஒரு மாசமாவது சம்பளம் வாங்காமல் வேலைக்குப் போனதுண்டா என்று கேட்டேன், பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார். ஆனால் ஒரு விஷயத்தில் எனக்கு உன் மேல் கோபம். அதில் கைவைத்து எழுதிய எல்லோரும் சம்மதித்தால்தான் மாற்ற முடியும் என்றாய், சரி, எல்லோருக்கும் கம்ப்யூட்டரே மெயில் அனுப்பும்படி வைத்தாயே, யார் யாருக்குப் போகிறது என்று ஒரு தடவை கண்ணால் பார்த்தாயா? உன்னோடு படித்த நெட்டையனுக்கும் போயிருக்கிறது. போன வருஷம் விபத்தில் அவன் போனபோது டிக்கெட்டுக்குப் பணமில்லாமல் வீடியோவில் அழுதாயே, அவனுக்குத்தான்.

பின் தெருவில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவன் அப்பா அவனுடைய மெயிலைத் தினமும் திறந்து பார்க்கிறாராம். பதில் வராவிட்டால் நீங்கள் எழுதிய பகுதி நீக்கப்படும் என்று அதில் இருந்ததாம். காலாவதியாகப் போகிற மருந்தைச் சிவப்பாகக் காட்டுவது அவன் செய்ததுதானே. மனுஷன் பதறிப்போய் மகன் பெயரிலேயே சம்மதம் என்று அழுத்திவிட்டார், உடனே, தொடர்ந்து எங்களோடு இருப்பதற்கு நன்றி என்று அவன் பெயர் போட்டுப் பதில் வந்திருக்கிறது. நேற்று கிரீஸ் கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து போனை என் முன்னால் நீட்டி, "பாத்தீங்களா, உங்க பொண்ணு அவனை இன்னும் கூடவே வச்சிருக்கா" என்றார். அது கம்ப்யூட்டர் தானாக அனுப்பியது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன்.

வக்கீல் ஆபீசில் டைப் அடித்தே காலம் தள்ளியவள் நான், இறந்தவர் பெயரில் கொடுத்த சம்மதம் நிற்காது, நாளைக்கு ஏதாவது ஒரு கம்பெனி இதைக் கிளறினால் நீ இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீண். வாரிசு என்ற முறையில் அவன் அப்பா பெயரிலேயே எழுதி வாங்க வேண்டும், அதைக் கேட்கப் போனால் அந்த நன்றியை எழுதியது யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் மனசு விட்டுப்போய் மாட்டேன் என்றால் அவன் பகுதியை எடுக்கத்தான் வேண்டும், அதையும் நீதான் அவரிடம் சொல்ல வேண்டும். நான் போய்ச் சொல்ல மாட்டேன், எனக்குத் தைரியம் இல்லை.

வேளைக்குச் சாப்பிடு, கண்ணுக்கு மருந்து விட மறக்காதே, எடுத்த காரியம் கைகூடி நீ நன்றாயிருக்க வேண்டும். அவரைச் சீக்கிரம் கூப்பிடு. இன்று காலையும் கடை திறக்கும் முன் வந்து, அவனுக்கு அடுத்த மெயில் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனார்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா