நடுவில் ஒரு நாள்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

வெள்ளிக்கிழமை சாந்தகுமாரி வந்துவிடுவாள். இந்த வெள்ளி இல்லை, அதற்கடுத்த வெள்ளி.

எங்கள் மகள் தாரணியின் பிரசவத்துக்கென்று ஆகஸ்டில் சிகாகோ போனவள். பேரன் இப்போது குப்புற விழுகிறானாம். வீடியோவில் எனக்கு அவன் நெற்றி மட்டும்தான் தெரிகிறது.

வீட்டில் சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான். இன்று முழுக்க நான் பேசியது பால்காரரிடம் "அரை லிட்டர் போதும்", மாடி வீட்டுக்காரரிடம் "மோட்டார் போட்டாச்சா". சாயங்காலம் எட்டாவது கிராஸ் கடைத்தெருவில் கூட்டத்துக்காகவே நடந்தேன். ஒன்றும் வாங்கவில்லை.

8 பிப்ரவரி, சனி

தாரணி டிக்கெட் அனுப்பினாள். நேராக பெங்களூருக்கு இல்லை. வளைகுடாவில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும், அதற்கு ஒன்றரை மணி நேரம்தான். போதுமா என்று கேட்டேன்.

"ஏர்லைனே கணக்குப் போட்டுத்தான் விக்கறாங்கப்பா. ஒரே டிக்கெட். மிஸ் ஆனா அவங்க பொறுப்பு."

வீல்சேர் வேறு போட்டிருக்கிறாள். மல்லேஸ்வரம் முழுக்க என்னைவிட வேகமாக நடக்கிறவளுக்கு எதற்கு வீல்சேர்?

"அம்மாவுக்கு இங்கிலீஷ் வராதுல்ல. வீல்சேர்னா ஒருத்தர் கூடவே வந்து அடுத்த ஃப்ளைட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடுவாங்க. எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

எங்கள் பேச்சுக்குப் பின்னால் சாந்தா குக்கர் கழுவிக்கொண்டிருந்தது தெரிந்தது.

12 பிப்ரவரி, புதன்

வீடு பெருக்கினேன். மிக்ஸி கெட்டு இரண்டு மாதம். வந்ததும் அவளிடம் சொல்ல வேண்டும். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, அதையும். அவளுக்கென்று சேர்த்து வைத்திருப்பதில் பேச்சுதான் நிறைய. யாரிடம் பேசுவது இங்கே?

14 பிப்ரவரி, வெள்ளி

வரவில்லை.

ஏர்போர்ட்டுக்குப் போகிற டாக்சி ஹெப்பாளைத் தாண்டும்போது தாரணியின் போன். சிகாகோவில் பனி. விமானம் மூன்று மணி நேரம் தாமதமாகக் கிளம்பியிருக்கிறது. வளைகுடாவில் போய் இறங்கும்போது பெங்களூர் விமானம் போய்விட்டது. ஓட்டலில் வைஃபை கிடைத்த பிறகுதான் அம்மா பேசினாளாம். மதிய விமானத்தில் இடம் போட்டிருக்கிறார்கள், மாலை வந்துவிடுவாள்.

டாக்சியைத் திருப்பச் சொன்னேன். புதுச் சட்டை போட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து கழற்றி மாட்டினேன்.

ஏர்லைன் நம்பரைக் கூப்பிட்டேன். அரை மணி நேரம் பாட்டு. பிறகு குளோரியா என்ற பெண். என் இங்கிலீஷைக் கேட்டதும் அவளே தமிழுக்கு மாறினாள். கொஞ்ச நேரம் அந்த விமானத்தை நிறுத்தி வைத்திருந்தால் குடியா முழுகியிருக்கும் என்று கேட்டேன்.

"உள்ள முந்நூறு பேர் உக்காந்திருந்தாங்க சார். அவங்கள்லயும் நெறைய பேருக்கு பெங்களூர்லேருந்து வேற ஃப்ளைட் இருக்கும். ஒரே புக்கிங்ங்கறதால அடுத்த ஃப்ளைட், ரூம், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு. மேடம் ஏர்போர்ட்டுக்குள்ள இருக்கற ஓட்டல்லதான் இருக்காங்க. சேஃபா இருக்காங்க."

எனக்குக் கோபிக்க இடமில்லை. பீன்யா ஃபேக்டரி ஒன்றில் முப்பது வருடம் சரக்கு ஏற்றி அனுப்பும் டெஸ்பாட்ச் வேலை பார்த்தவன் நான். ஒரு பெட்டி வரவில்லை என்று எந்த லாரியையும் நிறுத்தியதில்லை. ஆனால் பெட்டிக்காக யாரும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காத்திருக்கவில்லை.

அதே நாள், மாலை

மறுபடியும் வரவில்லை! விமானத்தில் இடமில்லையாம், நாளைக் காலையாம். என்ன விளையாட்டா இது? வயசான பொம்பளய தனியா ரெண்டு நாள் உக்கார வெச்சு... குளோரியாவையே கேட்டு வாங்கிக் கத்தினேன். கன்சூமர் கோர்ட் என்றேன், நஷ்ட ஈடு என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கடைசியில் மெதுவாக,

"சார், மேடம்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றாள்.

சாந்தாவை வாட்ஸாப்பில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். குளோரியாவிடம் கத்தியதைச் சொன்னேன்.

"அவங்க மேல கோவப்படாதீங்க. நேத்து ஃப்ளைட்ட விட்டவங்க எல்லாரும் சேர்ந்துட்டதால எடம் பத்தல. யாராவது நாளைக்குப் போறீங்களா, ரூம் இன்னொரு நாள் தரோம்னு கேட்டாங்க. கவுன்ட்டர்ல ஒரு மலையாளப் பொண்ணு, அவதான் புரியற மாதிரி சொன்னா. நான்தான் சரின்னேன்."

"நீயா? ஏன்?"

அந்தப் பக்கம் டிவியை நிறுத்தினாள்.

"ஆறு மாசம் கொழந்தையோட ராவும் பகலும். வந்தா அங்க வீடு. ராத்திரி இந்த ரூம்ல படுத்தேங்க. காலைல யாரும் எழுப்பல. கீழ போனா சாப்பாடு இருந்துச்சு, யாரோ செஞ்சது. இன்னும் ஒரு நாள் இப்படி இருக்கட்டுமேன்னு தோணிச்சு. தப்பா?"

"தப்பில்ல" என்றேன்.

தப்பில்லையா? நான் இங்க ஃப்ரிட்ஜோட பேசிக்கிட்டு கெடக்கேன். இவ ஒரு நாளக் கேட்டு வாங்கிக்கிட்டா. என்னப் பாக்கணும்னு தோணலியா? கேட்டிருக்கலாம். பதில் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கவில்லை.

அழுகை வந்தது. எழுதிவிடுகிறேன், அழுதேன்.

பிறகு இந்த டைரியைப் புரட்டினேன். புதன்கிழமை எழுதியதைப் படித்தேன். மிக்ஸி. குழாய். அவள் வருகிறாள் என்று எழுதிய பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?

15 பிப்ரவரி, சனி

வந்துவிட்டாள்.

வீல்சேர்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் டிராலியைத் தானே தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். "வேணாம்னுட்டேன்" என்றாள். முகம் தெளிந்திருந்தது. அப்படித் தூங்கி எழுந்த முகத்தை நான் பார்த்து எத்தனையோ வருடம்.

டாக்சியில் பாதி வழிவரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு நெருங்கி மேக்ரி சர்க்கிள் வந்ததும் புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வீட்ல காய் ஏதாவது இருக்கா? மாவுக்கு ஊறப் போடணும். மிக்ஸி, கிரைண்டர்லாம் நல்லா இருக்கா?"

வாய்வரை வந்துவிட்டது. டிரைவரிடம் சாங்கி ஏரிப் பக்கம் நிறுத்தச் சொன்னேன்.

"ஏன், வீட்டுக்குப் போகலியா?"

"கொஞ்சம் லேட்டாப் போலாம்."

என்னையே பார்த்தாள். இறங்கினாள். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள்.

டிரைவர் பின்னாலேயே வந்தார். "சார், வெயிட்டிங் சார்ஜ் ஆகுத்தே."

"ஆகலி பிடி" என்றேன், ஆனால் ஆகட்டும் என்று கன்னடத்தில்.

ஆறு மாதப் பேச்சு இருந்தது என்னிடம். எதையும் எடுக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கினாளா, சும்மா இருந்தாளா தெரியாது. பக்கத்தில்தான் இருந்தாள், ஆனாலும் இன்னும் வந்து சேரவில்லை. அவளாக எழுந்திருக்கும்வரை நான் எழவில்லை.