சம்பா அரிசிக்காரனின் சிறுநீரகம்

பிப்ரவரி 4

நான்கு நாளாகச் சிறுநீரில் நுரை. கழிப்பறையில் சோப்புத்தூளை அள்ளிக் கொட்டுகிறாள் என்று விஜயலட்சுமியைச் சத்தம் போட்டேன். இப்போது வெறும் தண்ணீர் ஊற்றித்தான் கழுவுகிறாள். நுரை நின்றபாடில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் பழக்கமில்லாத காரியம், அதுதான் யோசனை.

பிப்ரவரி 9

டாக்டர் இசைவாணியைப் பார்த்தேன். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1. 'பார்டர்தானேம்மா' என்று எழுந்தேன். உட்காரச் சொன்னார். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதாம். முப்பதுக்குள் இருக்க வேண்டியது எனக்கு 68.

"சுகர் வந்தப்புறம்தான் கிட்னி கெடும்னு இல்லைங்க. சிலருக்கு பார்டர்லயே ஆரம்பிச்சிடும்."

ரத்த அழுத்தமும் கூடுதல். அதற்கு ஒரு மாத்திரை. மூட்டு வலிக்கு நானாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரையை நிறுத்த வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதனை.

என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். என் வயலில் விளைந்த மாப்பிள்ளைச் சம்பா என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். எவ்வளவு என்றார். நல்ல அரிசிதானே என்ற தைரியத்தில் மூன்று வேளையும் தட்டு நிறைய! நெஞ்சு தானாக இறங்கிவிட்டது.

பிப்ரவரி 10

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

பிப்ரவரி 22

திருத்துறைப்பூண்டியில் பாரம்பரிய அரிசிச் சந்தை. 'துரைராசு இயற்கை அரிசி' என்று பேனர் கட்டி உட்கார்ந்தேன். வாய் வழக்கம்போல ஓடியது — இதைச் சாப்பிட்டால் சுகர் ஓடிவிடும், நானே சாட்சி. சாட்சியின் சட்டைப்பையில் மாத்திரை அட்டை.

முத்துப்பேட்டை ஜெய்னுலாபுதீன் பாய் வந்தார். ஆறு வருஷமாக என்னிடம்தான் அரிசி வாங்குகிறார். என் பேச்சைக் கேட்டு சுகர் மாத்திரையை விட்டு ஒரு வருஷமாகிறது என்று சந்தோஷமாகச் சொன்னார். சிரித்துக்கொண்டே ஐந்து கிலோ போட்டுக் கொடுத்தேன். கொடுத்தேனே... என்ன ஜென்மம்டா நீ?

பிப்ரவரி 25

முத்துப்பேட்டைக்கு பஸ் ஏறினேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் ஒத்திகை. சந்தையில் நாலு கடை தள்ளிக் கேட்கிற என் குரல், அவர் வீட்டு வாசலில் எனக்கே கேட்கவில்லை.

"நான் சொன்னது தப்பு பாய். எனக்கே கசியுது. கிளம்புங்க, டாக்டர்கிட்ட போவோம்."

விளையாடுகிறேன் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

மார்ச் 3

பாயின் ரிப்போர்ட் வந்தது. அல்புமின் 410. மாத்திரைகளை மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

மே 12

இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். எனக்கு 26. அரைத்தட்டுச் சோறும் வாய்க்கால் கரை நடையும் வேலை செய்திருப்பதாக டாக்டர் பாராட்டினார். பாய்க்கு 395. சர்க்கரை இறங்கியிருக்கிறது, ஆனால் கெட்டது எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

வெளியே வந்ததும் பாய் என் ரிப்போர்ட்டை வாங்கி, கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"உங்களுக்குச் சரியாயிடுச்சுல்லண்ணே. சந்தோஷம்."

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.