நெஞ்சுக்கு ஏறிய கிதார்

வெள்ளி, இரவு

ராயபுரத்தில் ஒத்திகை அறையிலேயே நான் வைத்துவிட்டுப் போகும் என் பேஸ் கிதாரை இன்று மாட்டினேன். இடுப்பில் தொங்க வேண்டியது நெஞ்சில் நின்றது. என்னைவிடக் குள்ளமான யாரோ தோள்வாரைச் சுருக்கியிருக்கிறார்கள்.

வாரைப் பற்றிச் சொல்லாமல், "யார்னா என் பேஸ எடுத்தீங்களா?" என்றேன்.

"யாரும் தொடல மாமு. வந்ததும் வராததுமா இன்னா பேஜாரு பண்ற?" என்றான் பாடகன் சேவியர். புதுக் கீபோர்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

எங்கள் போஸ்ட்-பங்க் ராக் பேண்டில் டிரம்மர் போனதும் இப்படித்தான். முதலில் டிரம் அடிக்கும் மெஷின் வந்தது, பிறகுதான் அவன் வேண்டாமென்று அவனுக்குச் சொன்னார்கள். இப்போது பாட்டெல்லாம் மென்மையாகிறது. என் வாசிப்பு மட்டும் முரடாம்.

நான் வாரை நீட்டவில்லை. கிதாரை நெஞ்சிலேயே வைத்து ஒத்திகை முழுக்க வாசித்தேன். ஏன் இவ்வளவு மேலே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்த உயரத்தில் வேறு யாரிடமோ பார்த்துப் பழகிவிட்டார்கள்.